குழாய் வளைவில் ஒரு கைப்பிடி

சங்கத்தில் எல்லோருக்கும் அவள் தொட்டிக்காரிதான். மலைச்சரிவில் ஆளுக்கொரு துண்டு நிலம் வைத்திருக்கும் நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் காப்பிச் சங்கம் அது. தோல் உரித்த கொட்டையை ஊறப்போட்டுக் கழுவும் சிமெண்டுத் தொட்டி அவள் பொறுப்பு. சுபாவத்திலேயே பயந்தவள். கதவு படாரென்று சாத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்; பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். இப்படி ஒரு ஆள் கையில் கொடுத்தால் தொட்டி சுத்தமாக இருக்கும் என்று செயலாளர் போட்ட கணக்கு இத்தனை நாள் பொய்க்கவில்லை.

அன்று காலை பொய்த்தது. தண்ணீர் இறங்காமல் சுணங்கவே, தொட்டிக்கு அடியில் குழாய் வளைவுக்குள் கையை விட்டாள். ஒரு கைப்பிடி பழைய கொட்டை வந்தது. கொழகொழவென்று, எலி செத்த நாற்றம். தரையைத் தேய்தேய் என்று தேய்த்தவள் வளைவை மறந்துவிட்டாளே! போன மாதம் கழுவிய சரக்கு இந்த வழியாகத்தானே இறங்கியது? அழுகல் ஒன்று கலந்தாலும் ஒரு கோப்பை நாறிவிடும். நாற்பது வீட்டுக் கொட்டையும் சேர்ந்த அந்தச் சரக்கை ருசி பார்த்து வாங்கத்தான் இன்று ஆள் வந்திருந்தார். தேறாவிட்டால் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

சொல்லிவிடலாமா? அதற்குள் ருசி பார்க்கும் கோப்பைகளில் வெந்நீர் ஊற்றக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரே சரக்கில் ஐந்து கோப்பை. ஒன்றில் தப்பியது இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வாசற்படி ஓரமாக அவள் மாமியார் நின்றிருந்தாள். கொட்டை காயும் மேசைகளில் கெட்டதைப் பொறுக்கி எறிவது அந்த அம்மாளின் வேலை. தனிச் சமையல் விஷயமாக மூண்ட சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். பாவம் அந்தச் சுவர், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

வந்தவர் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினார். முதல் மூன்று கோப்பைக்கும் தலையாட்டினார். நான்காவதை உறிஞ்சியவர் நின்றார். மறுபடி முகர்ந்தார். தள்ளி வைத்தார்.

"இது அழுகல். தொட்டியில அதிக நேரம் ஊறவிட்டீங்களா? அப்படின்னா மொத்தமும் போச்சு."

"இல்லீங்க, நேரம் தப்பல" என்ற செயலாளர் வாசற்படிப் பக்கம் திரும்பினார். "என்னம்மா, பொறுக்குறப்ப விட்டுட்டீங்களா?"

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். "என் கண்ணு மங்கிப்போச்சு போல. வேற ஆளப் போட்டுக்குங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தொட்டிக்காரி தப்பித்தாள். பழி தானாகவே போய் வேண்டாதவள் தலையில் உட்கார்ந்துவிட்டது; இதைவிட வசதி வேறென்ன? ஆனால் கையிலிருந்த கெண்டி ஆடி, வெந்நீர் அவள் பாதத்திலேயே கொட்டியது.

"அத்தை மேல தப்பில்லீங்க" என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது. "குழாய் வளைவுல பழசு தங்கியிருந்துச்சு. நான் பாக்காம விட்டுட்டேன். காலையிலதான் தெரிஞ்சுது. பயத்துல சொல்லல."

இனி வேலை போகும், நாற்பது வீடும் காறித் துப்பும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வந்தவர் கேட்டதோ வேறு.

"குழாய்ல முதல்ல இறங்கின கொட்டையோடதான் பழசு போயிருக்கும். அது எங்க காஞ்சுது?"

"முதல் மேசையிலங்க."

"அந்த மூட்டை தனியா இருக்கா?"

இருந்தது. மேசைக்கு ஒரு மூட்டை. அதை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றிலிருந்து கொட்டை எடுத்து, மேல் ஓடு நீக்கி, வறுத்து, அரைத்து, மறுபடி ஐந்து கோப்பை வைத்தார்கள். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அவள் உயிர் போய் வந்தது. ஐந்தாவதை விழுங்கிவிட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சுத்தம். அந்த ஒரு மூட்டைய விட்டுட்டு மிச்சத்த எடுத்துக்கறேன்." பிறகு மாமியாரைப் பார்த்தார். "ஓட்டோட இருக்கறப்ப இந்த அழுகல் யார் கண்ணுக்கும் தெரியாதும்மா."

தொட்டிக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் வந்து கெண்டியைப் பிடுங்கி அப்பால் வைத்துவிட்டு, சிவந்திருந்த பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் சுவர் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"ரொம்பப் பயந்துட்டேன் அத்தை."

"நான் மட்டும் என்னவாம்?" என்றாள் மாமியார். "நெசமாவே கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன்டி."