ஆள் இல்லை என்று திரும்பிய கடிதம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை விட்டு மூன்று மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊரில் மாடு செத்தால் அப்பாவைக் கூப்பிட ஆள் வரும். அவர் போய்த் தூக்கி வந்து, தோலை உரித்து, மிச்சத்தைப் புதைக்க வேண்டும். கேட்டு வாங்கிய வேலை இல்லை, பிறந்த தெருவோடு கூடவே வந்தது. அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொல்லிப் பார்த்ததில்லை. தோலுக்கு ஆசைப்பட்டு இவனே விஷம் வைத்திருப்பானோ என்று சந்தேகம் மட்டும் தாராளமாகப் பட்டார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பெரிய வீட்டு உழவு மாடுகள் இரண்டு ஒரே காலையில் விழுந்து செத்தன. அன்று மாட்டைத் தூக்கச் சொல்லி ஆள் வரவில்லை, அப்பாவைத் தூக்கிப் போக வந்தார்கள். களத்து வேப்ப மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள்.

"நான் வக்கலீங்க ஆண்ட, நான் வக்கலீங்க" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். அடித்தவர்கள் ஓய்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பயத்தில் டவுசரை நனைத்துவிட்டேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை, கோபம்தான் வருகிறது.

போலீசில் கொடுக்க டாக்டர் சீட்டு வேண்டும் என்று பெரம்பலூரிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தார்கள். மாட்டின் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் அவர். அதற்கு ஊரில் வேறு ஆள் ஏது? அப்பாவைத்தான் அவிழ்த்துவிட்டார்கள். டாக்டர் தள்ளி நின்று குச்சியால் காட்ட, வீங்கிய கையால் அப்பா அறுத்தார். உள்ளே செரிக்காமல் கிடந்தது பச்சைச் சோளத்தட்டை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளம் விஷம், மாடு மேய்ந்தால் பிழைக்காது. மாடுகள் கயிறு அறுத்துக்கொண்டு சோளக்காட்டில் இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. டாக்டர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்.

அப்பா அன்று முழுக்கச் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அந்த நாலு வரியை எல்லோரும் நம்பினார்கள். அந்த நாலு வரியை எழுதுகிற ஆளாக நான் ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மாட்டின் மேல் கருணை, சேவை என்றெல்லாம் சொன்னால் பொய். அப்பாவை இன்னொரு முறை யாரும் மரத்தில் கட்டக் கூடாது. அதற்காகத்தான் படித்தேன்.

பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடித்தேன். நல்ல மார்க். எங்கள் பிரிவுக்கு மாட்டு டாக்டர் படிப்பில் அரசாங்கம் இடம் ஒதுக்கியிருப்பதாகப் பேப்பரில் பார்த்து, நானே விண்ணப்பம் போட்டேன். விடுமுறையில் ஹாஸ்டலை மூடிவிடுவார்கள் என்பதால் ஊர் விலாசம் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே இன்னாரின் மகன் என்று அப்பா பெயரையும் முழுசாக எழுதினேன். எழுதியது பெருமைக்காகத்தான். அந்தப் பெருமைதான் வினையாகப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. காக்கி நிறத்தில் எது வந்தாலும் ஆள் இல்லை. போலீஸ் வந்தாலும் சரி, கோர்ட்டு ஆள் வந்தாலும் சரி, தேடுகிற ஆள் பக்கத்திலேயே நிற்பான். தெருவே கூடி நின்று "அப்புடி யாரும் இங்க இல்லீங்களே" என்று சொல்லும். அது எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

ஆடி மாதத்தில் நான் செட்டிகுளம் பக்கம் வெங்காயக் காட்டில் களை வெட்டப் போயிருந்தேன். அந்த வாரம் ஊரில் ஒரு கிடேரி செத்து, அப்பா அதைப் புதைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்போதுதான் கடிதம் வந்தது.

அது தெரியாமல் நான் வீடு திரும்பி நாள் கணக்கில் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பொறுக்க முடியாமல் அரியலூரில் ரயிலேறி மெட்ராஸ் போனேன். கல்லூரி ஆபீஸில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். கட்டைப் புரட்டி ஒரு காக்கிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். ரிஜிஸ்டர் தபால். மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது, இந்த விலாசத்தில் ஆள் இல்லை.

"இன்டர்வியூ முடிஞ்சு மூணு வாரமாச்சுப்பா. ஆளே இல்லைன்னு வந்தா நாங்க என்ன பண்றது? இடமெல்லாம் நிரம்பியாச்சு" என்றார்.

எங்களுக்கென்று இடம் ஒதுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதை எந்த நிறக் கவரில் எங்கள் தெருவுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரியவில்லை. அதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அரசாங்கம் கண்ணில் படவில்லை. அப்பா மட்டும்தான் தெரிந்தார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, தபால்காரர் வந்தாரா?"

"வந்தாரே. காக்கிக் கவரு. ஒன் பேரயும் எம் பேரயும் சேத்துப் படிச்சாரு. கிடேரி செத்த கேசுல நம்ம ரெண்டு பேரையும் மாட்டிவுடப் பாக்குறானுவன்னு நெனச்சேன். நான் விடுவனா? ஆளே இல்லன்னுட்டேன். தெருவே சொல்லிச்சு." சிரித்தார். "நீ பயந்துக்குவியேன்னுதாண்டா சொல்லல."

அது என்ன கடிதம் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. அதோடு நான் விட்டிருக்கலாம்.

"அன்னிக்கு அவனுங்க ஒன்னக் கட்டிவச்சி அடிச்சது சரிதான். விஷம் வைக்கிற ஆளுதான் நீ. பெத்த புள்ளைக்கே வச்சிட்ட."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கையில் பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தார். மரத்தில் கட்டியிருந்தபோது ஒவ்வொரு அடிக்கும் இல்லை என்று சொன்ன மனிதர், என்னிடம் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த வருடமும் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. அரியலூர் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தேன். செத்த மாட்டை நான் அறுப்பேன், டாக்டர் எழுதுவார்.

அதற்குப் பிறகு அப்பா ஒன்பது வருடம் இருந்தார். அன்று பேசியது தப்பு என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை பஸ் ஏறி ஊருக்குப் போயிருக்கிறேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டு "சாப்டியாடா?" என்பார். "ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படியே ஒரு நாள் அவரைப் புதைத்துவிட்டும் வந்தேன்.