பல்செட்டுக்குள் வளர்ந்த மேடு

பல்லுக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். முகம் மறந்துபோகும், வாயின் அச்சைக் காட்டினால் யாரென்று சொல்லிவிடுவார். தன் தங்கையின் கணவருக்கும் அவர்தான் செய்து கொடுத்தார். மாப்பிள்ளை பஸ் டிரைவர். சிகரெட்டும் ஓயாது, பேச்சும் ஓயாது.

"மச்சான், உங்க பல்லு என்னையே கடிக்குது," என்று ஒருநாள் வந்தார்.

"என் தங்கச்சியைத் திட்டுற வாய்தானே, கடிக்கட்டும்." இறுக்கும் இடத்தை அரத்தால் கொஞ்சம் ராவிக் கொடுத்தார். சில வாரங்களில் மறுபடி அதே இடம். மறுபடி ராவினார். அடுத்த தடவை வந்தபோது பல்லுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வயதாக ஆக ஈறு வற்றும், செட் தொளதொளக்கும். இறுகாது.

புதிதாக அச்செடுத்து, பிளாஸ்டர் காய்ந்ததும் பழையதன் பக்கத்தில் வைத்துத் தடவினார். மேல் அண்ணத்தில், வழவழவென்று இருந்த இடத்தில், ஒரு மேடு.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம் மாப்ளே."

"இன்னும் கொஞ்சம் ராவுனா சரியாயிடும்."

"இனிமே ராவ மாட்டேன்."

சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்.

"செல்லோட மேல 'வளரு'ங்கிற சேதியை வாங்கி உள்ளே அனுப்புற ரிசெப்டர் இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "அதைச் செய்யுற மரபணு இவருக்கு நகல் நகலாப் பெருகிடுச்சு. ரிசெப்டரும் மொய்ச்சுக் கிடக்கு. சேதி வராட்டியும் வளருது."

"அதை அடைக்க மருந்து இல்லையா?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

"இருக்கு. சிலருக்குத்தான் கேக்கும். கேட்டாலும், நோய் வேற வழி தேடிக்கும்."

ஆபரேஷனில் அண்ணத்தில் பாதி போனது. குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது. பேசினால் வெறும் காற்று. ஓட்டையை அடைக்கும் தகட்டோடு புதுச் செட்டைப் பல்லுக்காரரே செய்து மாட்டினார்.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை, தெளிவாக. தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா சொன்ன அந்த மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். முகமெல்லாம் பரு. "மறுபடியும் இளவட்டம் ஆயிட்டேன்," என்று கண்ணாடி பார்த்தார். பரு வந்தால் மருந்து பிடிக்கிறது என்று நர்ஸ் சொன்னதில் வீட்டில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஒரு காலையில் செட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தாடையைப் பிடித்துப் பார்த்த பல்லுக்காரரின் கட்டைவிரல், கழுத்தோரம் நின்றுவிட்டது. தோலுக்கடியில் நகராத ஒரு கட்டி. மாப்பிள்ளை அவர் கண்ணையே பார்த்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும் மச்சான். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அதற்குப் பின் எந்த மருந்தும் கேட்கவில்லை. மழைக்காலம் முடியும்வரைதான் மாப்பிள்ளை இருந்தார்.