என் மகளின் பத்து நகம்

என் ஓரகத்தியை, அதாவது கொழுந்தனாரின் மனைவியை, எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அவளைப் பார்த்தால் வயிறு எரியும், அவ்வளவுதான். அவள் குன்னூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள். நான் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் பகுதியில் இருக்கிறேன். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தூள் பிடித்துக்கொள்ளும் என்பதால் எங்களுக்கு சென்ட் கூடாது, நெயில் பாலிஷ் கூடாது, தலையில் வைத்த மல்லிகையைக்கூட வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் நகம் மொட்டை. அவள் நகமோ வாரத்துக்கு ஒரு நிறம்.

நகத்தோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். என் ஒரே மகளும் அவள் பக்கம்தான். சடை பின்னச் சித்தி, புடவை எடுக்கச் சித்தி, கல்யாணத்தன்று கைக்குப் பாலிஷ் போட்டுப் பேர் வாங்கியதும் சித்தி. பிள்ளை இல்லாத அவள் இந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று சொந்தமெல்லாம் மெச்சும். பெற்றவள் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படாது.

அதனால்தான் மகள் ஏழாம் மாத வளைகாப்புக்கு வீட்டுக்கு வந்தபோது ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன். வளையல் ஏறப்போகும் அந்தக் கை இந்தமுறை எனக்கு. நான்தான் மருதாணி வைப்பேன்.

"ஏம்மா, நகத்துக்குச் சித்தி பாலிஷ் போட்டு உடறேன்னு சொன்னாங்க" என்றாள் மகள், பையை இறக்கி வைப்பதற்குள். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து செல்போனும் கையுமாக உட்கார்ந்தேன். நகப்பூச்சில் டொலுயீன் என்று ஒன்று இருக்குமாம், மோந்தால் தலைவலி, கிறுகிறுப்பு. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய்க்கு வழி செய்யுமாம். தாலேட் என்று இன்னொன்று, அது வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாதோ என்று சந்தேகப்படுகிறார்களாம். படிக்கப் படிக்கப் பயம் வந்தது. கூடவே, சொல்வதற்கென்ன, சந்தோஷமும் வந்தது. மாட்டினாளா! அந்தப் பேர்கள் வாயில் நுழையும்வரை அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் வந்தாள். வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. குளிருக்கு நான் ஜன்னலையெல்லாம் சாத்தி, மகள் காலடியில் ஹீட்டரைப் போட்டிருந்தேன். வந்தவள் முதல் வேலையாக ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

"ஏ புள்ள, மாசமா இருக்கறவ குளுர்ல நடுங்கறா, நீ பாட்டுக்குத் தொறக்கறயே?"

"கொஞ்ச நேரந்தானுங்க்கா. பாலிஷ் மணம் உள்ளாறயே நிக்கக் கூடாது. சூடும் பக்கத்துல ஆகாது." தன் சால்வையை எடுத்து மகளுக்குப் போர்த்திவிட்டாள். அதைக்கூட அவள்தான் செய்ய வேண்டுமா?

நான் ஆரம்பித்தேன். "அந்தக் குப்பியில என்னென்ன வெசம் இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? டொலுயீன். அப்பறம் ஃபார்மா... ஃபார்மால்..."

"டிஹைடுங்க்கா" என்று முடித்துக் கொடுத்தாள் பாவி. "அதெல்லாம் இல்லாததாப் பாத்துத்தான் வாங்கினேன். இது தண்ணியில கலக்கற ரகம். முன்னாடி போட்டிருக்கறத மட்டும் நம்பீரக் கூடாதுங்க, பின்னாடி பொடி எழுத்துல என்னென்ன சேத்தியிருக்கறாங்கன்னு படிக்கோணும். அப்பவும் சுத்தமா ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க வேண்டாம்னா போடலீங்க."

ஆனாலும் விடுவேனா? பசாரில் வாங்கி வைத்திருந்த மருதாணிக் கோனை எடுத்து நீட்டினேன். "ஒண்ணும் வேண்டாம். இதுன்னா எல, செடி. இதுல எந்தக் கெமிக்கலும் கெடையாது."

அவள் நுனியை வெட்டி மோந்து பார்த்தாள். என்னிடமே திருப்பித் தந்தாள். "நீங்களே பாருங்க்கா. உங்க மூக்கு முன்னால எம்மூக்கு நிக்குமா?"

மோந்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது. எந்த இலைக்கு இந்த வாடை? அடுத்த அறையில் ஆரஞ்சு உரித்தால்கூடச் சொல்லிவிடும் மூக்கு என்னுடையது. அந்தக் கோனோ இத்தனை நாளும் என் அலமாரியில்தான் கிடந்தது. பொறாமை மூக்கையும் அடைத்துவிடும் போலிருக்கிறது. இதையா என் பிள்ளையின் கையில் பூச இருந்தேன்?

அவள் பைக்குள் கைவிட்டு ஒரு கவரை எடுத்தாள். நிறைய மருதாணி இலை. "காரமடையில எங்கம்மா ஊட்டுல பறிச்சதுங்க. நீங்க வெச்சு உடுவீங்கன்னுதான் கொண்டாந்தேன்." பாலிஷ் குப்பி திறக்காமலே பைக்குள் திரும்பிப் போனது.

அட ராமா! விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து என் கைய ஏலம் போட்டு முடிச்சாச்சா?" என்று மகள் சிரித்தாள்.

இலையை அரைத்து மகளின் உள்ளங்கையில் வட்டமாக வைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டேன். விழுது மிஞ்சியது. "எனக்கும் கொஞ்சம் வெச்சு உடுங்க்கா" என்று அவள் கையை நீட்டினாள்.

பாலிஷை அழித்துவிட்டு வந்திருந்தாள்; அப்போதுதான் அவள் நகத்தைப் பூச்சில்லாமல் பார்த்தேன். மஞ்சளடித்து, ஏடு ஏடாகப் பிளந்து, சுற்றிலும் தோல் உரிந்து கிடந்தது.

"எங்க பார்லர்ல மலிவுக் குப்பிதானுங்க வாங்கிப் போடறாங்க. ஜன்னலும் கெடையாது. சாயங்காலமானா தலைவலி மண்டையப் பொளக்குது. அதுக்குத்தான் என்ன ஏதுன்னு படிக்க ஆரம்பிச்சேன்."

நான் அவளை மடக்குவதற்காகப் படித்த பேர்கள். அவளோ அவற்றைத் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தவள். "வேற கடை பாரு புள்ள" என்றேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, பொறுமையாக, அந்த நகம் மறையும்படி அப்பிவிட்டேன்.

எங்கள் குளிருக்கு மருதாணி லேசில் பிடிக்காது. காலையில் கழுவிப் பார்த்தால் மகள் கையில் வெளிறிய ஆரஞ்சு. ஓரகத்தி கையில் செக்கச் செவேல். வளைகாப்புக்கு வந்த பெண்கள் அந்தக் கையைத்தான் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். "வெச்சு உட்டவீங்களுக்கு உம்மேல அத்தன பாசம்" என்று ஒருத்தி வேறு சொல்லிவைத்தாள். எனக்கு மறுபடியும் எரிந்தது.

மகள் தன் கையைப் பார்த்தாள். சித்தியின் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

"சித்திக்கு மட்டும் நல்லா வெச்சு உட்டிருக்கறீங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என்னுடையது. முதல் வளையலை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன்.