மாதா தாண்டிப் போக இருந்த வீடு

அக்டோபர் மாதம் வந்தால் எங்கள் தெருவில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்போம். வரிசை மாறாது. இந்த வருஷம் மாறியது. மாற்றியவர் எங்கள் அன்பியத் தலைவி. தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர் வைத்த புண்ணியவான் எவரோ, எங்கள் தெருவை எட்டிப் பார்த்ததே இல்லை.

மதியம் வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே கால் வைக்கவில்லை.

"இந்த வருசம் உன் வூட்டுக்கு மாதா வேணாம்மா. பொண்ணு கல்யாணம் கோயில்ல நடக்கல. நாலு பேரு நாலு விதமா பேசிகினு கீறாங்க. நேரா பக்கத்து வூட்டுக்கு எடுத்துகினு பூட்றோம்."

அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும். நாலும் அவரேதான்.

உள்ளே என் மகள் உட்கார்ந்திருந்தாள். மாசமாக இருக்கிறாள். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற பையனைக் கட்டிக்கொண்டவள். அவன் வீட்டில் கும்பிடுவது கங்கையம்மனை. கல்யாணத்துக்குப் பிறகு இந்தத் தெருப்பக்கமே வராதவள், மாதா நம் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு வந்து வயிற்றுப் பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைவி பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாலதாம்மா இவ்ளோ பேஜாரு. இருட்றதுக்குள்ள நாங்க கெளம்பறோம்."

போனால் இனி வரமாட்டாள். பிள்ளை பெறவும் வரமாட்டாள்.

கடவுளுக்குப் பிரியமாக நடந்தால் பலம் தானாக வரும் என்று தவக்காலத்தில் தியானம் கொடுக்க வருகிற சாமியார் வருஷா வருஷம் சொல்வார். நானும் நடந்தேன். கோயில் பீடத்துக்கு விரிக்கிற துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். ஜெபக்கூட்டத்துக்கெல்லாம் சுண்டல் செய்தேன். பலமாவது ஒன்றாவது, வந்தது முழங்கால் வலி. அன்றைக்கு அடுப்படியில் நின்று மாதாவையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன், உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று. கேட்ட வாயோடு எனக்கே உறைத்தது. துணியின் மடிப்பைப் பார்த்தது தலைவி. சுண்டலில் உப்பு பார்த்ததும் தலைவி. கடவுள் ஒரு நாளும் சுண்டல் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக நான் யாருக்குப் பிரியமாக நடந்தேன்?

சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்டது. மகளை எழவிடாமல் உட்கார வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். முன்னால் நாலு பேர் சொரூபத்தைத் தூக்கி வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்து பழகிய தோள்கள். என் வீட்டுப் பக்கம் எவனும் திரும்பவில்லை. பின்னால் மைக்கோடு வந்த தலைவி என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா நின்னுகினு கீற? மைக்கைப் புடி. பக்கத்து வூட்ல மன்றாட்டு மாலை சொல்ல ஆள் வோணும் இல்ல?"

மாதாவின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டுகிற அந்த மன்றாட்டு மாலையைப் புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். என் வீட்டு வாசல் தீட்டு, வாய் மட்டும் வேண்டும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! மைக்கை அவர் முகத்திலேயே விட்டெறிந்திருப்பேன். எறியவில்லை. வாங்கினேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபமாலையை நடந்துகொண்டே சொல்லலாம். மன்றாட்டு மாலையை அப்படிச் சொல்லக் கூடாது. சொரூபத்தை இறக்கி வைத்து, எல்லாரும் முட்டி போட வேண்டும். முடிகிறவரை யாரும் நகரக் கூடாது. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து எலும்பில் ஊறிய பழக்கம் இது.

என் வாசற்படியில் நின்று மன்றாட்டு மாலையை ஆரம்பித்தேன்.

தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "இங்க இல்லம்மா, நடங்க, நடங்க!" என்று தலைவி கையை வீசினார். யாரும் அசையவில்லை. என் மருமகனுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. சாமி நிற்கிறது, வைக்க இடமில்லை, அது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. மாதாவுக்கென்று உள்ளே வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"இதுல வைங்கண்ணே."

வைத்தார்கள். கூட்டம் முட்டி போட்டது. தலைவியும்தான். மீன் வண்டி ஒழுகவிட்டுப் போன கலீஜ் தண்ணீரில் அவருடைய பட்டுப்புடவை நனைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு பெயராக நான் சொல்லச் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று தெரு பதில் சொன்னது. முதலில் கடனே என்று. அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் எல்லாரையும்விட ஓங்கி வந்தது. மகள் நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பை கையில் இல்லை. வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும் என்று, அழுதுகொண்டே, ஆனால் ஓங்கி.

மாலை முடிகிற இடம் வந்தது. நான் நினைத்தால் முடிக்காமல் இழுக்கலாம். நோயாளிகளுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று, போப்பாண்டவருக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எல்லாம் எனக்கு மனப்பாடம். தலைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இழுக்கத்தான் போகிறேன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தேன். இதற்கு மேல் சொன்னால் அது ஜெபமில்லை, பழி என்று எனக்குள் ஒன்று சொன்னது. வாயை மூடுவதற்குத்தான் என் உடம்பில் இருந்த பலமெல்லாம் வேண்டியிருந்தது. அத்தனை பலம் எனக்குக் கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

"ஆமென்" என்று முடித்து மைக்கை நீட்டினேன்.

"உனுக்கு ரொம்பத்தான் திமிரு" என்றார், புடவையைப் பிழிந்துகொண்டே.

"ஆமாங்க்கா. பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். நீங்களும் உங்களோடத சொல்லிடுங்க."

இன்றைக்கு வரைக்கும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பூசையில் சமாதானம் சொல்கிற நேரத்தில் மட்டும் அவரைப் பார்த்துக் கையைக் கூப்புகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். அதற்குமேல் என்னால் இப்போதைக்கு ஆகாது, அதையும் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு மாதாவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போன பிறகு, மருமகன் ஸ்டூலைத் துடைத்து உள்ளே கொண்டுவந்தான். மகள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, பிரசவத்துக்கு இங்கயே வந்துடட்டுமா?"