இடப்பக்கம் தேய்ந்த பற்கள்

நாற்றுப் பண்ணைக்காரரைத் தெருவில் எல்லோரும் 'பூட்டு' என்றே குறிப்பிட்டார்கள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்தபின் திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஐயமின்றி நம்பியவை இரண்டு: தம் கைகளும் தம் சின்ன டிராக்டரும். புல் வெட்டவும் தொட்டிச் செடிகளை இழுத்துச் செல்லவும் பத்தொன்பது ஆண்டுகளாக உழைத்த அந்தத் தோட்டத்து டிராக்டரை அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது என்பது பண்ணையின் எழுதாத சட்டம். சரிபாதிப் பங்குதாரரான மைத்துனருக்கும், அதாவது மனைவியின் தம்பிக்கும், அதில் விலக்கு இல்லை.

அந்த ஆண்டு டிராக்டர் நேராக ஓட மறுத்தது. ஸ்டீயரிங்கைக் கால்வட்டம் சுற்றிய பிறகே முன்சக்கரம் அசைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பினார். சக்கரத்தை இணைக்கும் பால் ஜாயிண்டுகள் தளர்ந்திருந்தன. அச்சைத் தாங்கும் புஷ் வளையங்களின் துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. அவை வயதானால் வரும் கோளாறுகள். அவர் கையை நிறுத்தியது சக்கரங்களைத் திருப்பும் அரைவட்டப் பல்சக்கரம். அதை மாற்றி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இடப்பக்கம் திரும்பும்போது கடிக்கும் பற்கள் கத்திபோல் மெலிந்திருந்தன; வலப்பக்கத்துப் பற்களோ வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தன.

“நான் ரெண்டு பக்கமும் திருப்புறவன். எவனோ இதை இடப்பக்கமா மட்டுமே சுத்தியிருக்கான்,” என்றார் மனைவியிடம்.

“எவனோன்னு ஏன் சுத்தி வளைக்கிறீங்க? என் தம்பின்னு நேராவே சொல்லுங்களேன்.”

“சொல்றேன். நான் வெளியூர் போற நாள்லதான் அவன் கைவரிசை. நிரூபிச்ச அன்னிக்கே பண்ணையை ரெண்டாப் பிரிச்சிடுவேன்.”

மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே குரலில் பேசித்தான் அவர் தம் கூடப்பிறந்த அண்ணனோடு உறவை அறுத்துக்கொண்டார். இன்றுவரை அது ஒட்டவில்லை.

அந்நேரம் மைத்துனர் உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன அத்தான், போஸ்ட்மார்ட்டமா?”

“செத்தது எப்படின்னு தெரிஞ்சுபோச்சு மச்சான். கொன்னது யாருன்னுதான் தெரியணும்.”

“அதுக்கு என் மூஞ்சியை ஏன் பாக்குறீங்க? உங்க வண்டியில ஏறுறதுக்கு நான் நடந்தே போயிடுவேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் ஏதோ ஒளிந்திருப்பதாகவே பூட்டுக்குப் பட்டது.

புது உதிரிபாகங்களைப் பொருத்துமுன் ஒரு காரியம் செய்தார். புதிய பல்சக்கரத்தின் எல்லாப் பற்களுக்கும் வெள்ளைச் சாயம் பூசிக் காயவைத்தார்; சாயம் கரையாதிருக்கக் கிரீஸ் இடவில்லை. ஒரு வாரம் தாம் மட்டுமே ஓட்டுவது. சாயம் இருபுறமும் ஒருபோல் அழியும். பழைய பல்சக்கரத்தை அதன் அருகில் வைத்து, இது என் ஓட்டு, அது உன் ஓட்டு என்று மைத்துனர் முகத்துக்கு நேரே கேட்பது. இதுவே ஏற்பாடு. ஒவ்வொரு மாலையும் கொட்டகைக் கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டிக் கையெழுத்திட்டார். ஒவ்வொரு காலையும் அது கிழியாமல் இருந்தது; பிரித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மைத்துனரையும் அழைத்து நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கோடு டிராக்டரின் அடியில் படுத்தார்.

இடப்பக்கத்துப் பற்களில் சாயம் அறவே இல்லை. வலப்பக்கம் பால்போல் வெளுத்திருந்தது.

கள்ளச் சாவியோ என்று முதலில் நினைத்தார். ஏழு காகிதங்களும் சட்டைப் பையில் முழுதாக இருந்தன. இந்த வாரம் ஓட்டியது ஒரே ஓர் ஆள்.

“என்ன அத்தான், அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?”

பூட்டுக்கு ஓர் ஐயம் எழுந்தது. இடக்கண்ணை உள்ளங்கையால் மூடினார். தலைக்குமேல் ஒரு சாண் தொலைவிலிருந்த பல்சக்கரம், கலங்கிய நீருக்குள் விழுந்ததுபோல் உருவிழந்தது. தெரியாத பக்கத்தை விட்டுவிட்டுத் தெரிந்த பக்கமாகவே கை இத்தனை நாள் வண்டியைத் திருப்பியிருக்கிறது.

வெளியே வந்து முழங்காலில் அமர்ந்தார். “யாருன்னு தெரிஞ்சுது. நான்தான். வலக்கண்ணு தெரியலை.”

மனைவி மெல்லச் சொன்னாள்: “டம்ளரை வலப்பக்கம் வெச்சா தடவித்தான் எடுக்கிறீங்க. கேட்டா எரிஞ்சு விழுவீங்கன்னு நானே இடப்பக்கமா வெக்க ஆரம்பிச்சேன்.”

பூட்டு மைத்துனர் பக்கம் திரும்பினார். “உனக்கும் தெரியுமா?”

“வலப்பக்க வரிசையில நாத்துத் தொட்டி நசுங்க ஆரம்பிச்சப்பவே தெரியும். நீங்க பாக்குறதுக்குள்ள நசுங்கினதை எடுத்துட்டு வேற வெச்சேன்.”

“அப்ப எனக்குத் தெரியாம நீ ஏதோ செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு நான் நெனச்சது சரிதான்!”

“சரிதான் அத்தான். ஒத்துக்கிறேன்.”

“ஏன் மச்சான் சொல்லலை?”

“சொன்னா, வண்டியைப் பிடுங்கப் பாக்குறான்னு என்னைத் துரத்தியிருப்பீங்க.”

துரத்தித்தான் இருப்பார். தம் கைகளைப் பார்த்தார்.

“பண்ணையைப் பிரிக்கிற விஷயம்?” என்றாள் மனைவி.

“எந்தப் பண்ணையை?” என்று சிடுசிடுத்துவிட்டு எழுந்தார். “மச்சான், அந்தப் பல்லுக்கெல்லாம் கிரீஸ் வெச்சிடு. நாளைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் கூட வா.”

“நான் எதுக்கு அத்தான்?”

“டாக்டர் சொல்றதை ரெண்டு பேராக் கேட்டாத்தான் நம்பலாம்.”