நான் சொன்ன வயிற்றுவலி

போன மாதம் சேலத்தில் ஒரு டாக்டரம்மா என்னை ரூமை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்.

சண்டையெல்லாம் போடவில்லை. பேசினேன், அவ்வளவுதான்.

"மல்லிகா, என்னம்மா பண்ணுது?" என்று என் மனைவியைத்தான் கேட்டார். "கேஸ் ட்ரபிளுங்க டாக்டர். காரம் ஆகாது, மோஷன் சரியாப் போகாது" - பதில் சொன்னது நான்.

"வலி எப்ப வரும்?"

"எப்பவாச்சும் வருமுங்க." இதுவும் நான்தான்.

"வயிறு வலிக்கறது உங்களுக்கா, அவங்களுக்கா? கொஞ்சம் வெளிய உக்காருங்க."

என்ன செய்வது? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே உள்ளங்கை வேர்க்கும். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும்... எனக்குத் திறந்துகொள்ளும்.

ராசிபுரம், நாமக்கல் என்று ஏழு வருஷ அலைச்சல். நாலு முறை வயிற்று ஸ்கேன். நாலிலும் 'நார்மல்'. அதைப் படித்ததும் எனக்கு உயிர் வரும். சந்தோஷத்தில் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கித் தருவேன். அவள் பாதியில் வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டுக்குத் தூரமான நாளில் வலி வந்தால் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவோம். தலைக்குக் குளித்த பிறகு போனால் போயிற்று - எங்கள் பக்கம் அப்படித்தான். போகிற நாளில் வலி இருக்காது. "இப்ப வலிக்குதா?" "இல்லீங்க." முடிந்தது கதை!

கால் மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "இவர் முன்னாடி இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா.

மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூரமாகற நாள்ல வெளிக்குப் போகவே பயமுங்க. உள்ள கத்தியால கீறுற மாதிரி இருக்கும். அதுக்குப் பயந்துட்டே அந்த மூணு நாளும் சோறு திங்கமாட்டனுங்க."

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்குத் தெரியாது.

எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டாக்டரம்மா. என் வாயில் நுழையவில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரி ஒன்று வெளியே வளருமாம். குடலிலும் ஒட்டுமாம். வயிற்றின் மேலே வைத்து எடுக்கிற சாதா ஸ்கேனில் அது தப்பிவிடலாம். உள்வழியாக எடுக்கிற ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் தெரிய வாய்ப்பு அதிகம்... அதையும் பார்த்துப் பழகியவர்கள் பார்க்க வேண்டும்.

"ஸ்கேன் எந்த நாள்ல வேணா எடுக்கலாம். ஆனா வலி எந்த நாள்ல வருதுன்னு சொல்லாட்டி, எதைத் தேடறதுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அங்கே உள்வழியாக எடுத்த முதல் ஸ்கேனிலேயே சந்தேகம் வந்தது. அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. தாலிக்கொடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்து தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன் - இந்த முறையும் நார்மல் என்று வரட்டும்!

வரவில்லை. குடலில் ஒட்டியிருக்கிறது என்றார்கள். மல்லிகா அழுதாள். ஆனால் அது நான் நினைத்த அழுகை இல்லை.

"இருக்குதுன்னு போட்டிருக்குதுங்களா? அப்ப நான் பொய் சொல்லலீங்க, பாத்தீங்களா?"

பொய் என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. ஒவ்வொரு 'நார்மலு'க்கும் நான் சிரித்தேனே... அவளுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கிறது.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா என்று பிறகு சொல்வார்களாம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள்:

"வலியைக் கம்மியா எழுதியிருக்கீங்க."