சீலாவைக் கிடத்த ஓரிடம்

கோப்பாயில் ரஞ்சினியின் வீட்டு முன்னறையில் ஓர் உயரமான கட்டில் இருக்கிறது. அதில் அவளுடைய மகள் சீலா படுத்திருப்பாள். வயது இருபத்தாறு. பிறக்கும்போதே மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டதால் நடக்கவோ கதைக்கவோ நிமிர்ந்து உட்காரவோ அவளால் முடியாது. குழந்தைகளுக்குப் போல மலசலத்துக்குப் பம்பஸ் கட்ட வேண்டும். படுக்க வைத்துத்தான் அதை மாற்றவும் வேண்டும். ஆனால் சிரிப்பாள். தேவாலயத்தில் ஓர்கன் தொடங்கியதும் அவள் எழுப்பும் சத்தத்தில் பாடகர் குழுவே திரும்பிப் பார்க்கும்.

சீலா சின்னவளாக இருந்தவரை ரஞ்சினியே தூக்கிக்கொண்டு எங்கும் போனாள். பிறகு ரஞ்சினிக்கு முதுகெலும்பு விலகியது. அன்றிலிருந்து தூக்குவது தகப்பன் ஜஸ்ரின்; துடைத்து மாற்றுவது தாய். இருவரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

வலிப்புக்கு மருந்து எடுக்க மாதாமாதம் பட்டினத்துக் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஒருமுறை காத்திருக்கையில் சீலாவுக்கு வயிற்றால் போய்விட்டது. அருகிலிருந்த பொதுக் கழிப்பறைக்குள் ஜஸ்ரின் அவளைச் சுமந்துகொண்டு நுழைந்தார்.

"அண்ணை, இது பொம்பிளையளின்ரை இடமெல்லோ!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"என்னாலை தூக்க ஏலாது தங்கச்சி. அவர் கிடத்திப்போட்டு வெளியிலை போயிடுவார்" என்றாள் ரஞ்சினி.

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? உள்ளுக்கை ஆக்கள் நிக்கினம்."

ஆண்கள் பக்கம் ரஞ்சினி போக முடியாது. கடைசியில் கட்டடத்தின் பின்னால், ஈரச் சீமெந்துத் தரையில் பெட்சீற்றை விரித்தார்கள். ஜஸ்ரின் தன் சேர்ட்டைக் கழற்றி மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போனவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் அதே வீதியில் புதிய கடைத்தொகுதி ஒன்று எழுந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிக் கழிப்பறையும் கட்டி, நாடா வெட்டித் திறந்தார்கள். ரஞ்சினி ஆசையோடு போய்ப் பார்த்தாள். சாய்தளம் இருந்தது, கைபிடி இருந்தது, கொமெட் இருந்தது. கிடத்த இடமில்லை.

"ஆள் படுக்கக்கூடிய ஒரு பலகை வாங்கு போட்டால் காணும் ஐயா. நான் தச்சன், நானே அடிச்சுத் தாறன்" என்று ஜஸ்ரின் பொறுப்பாளரிடம் கேட்டார்.

"வாங்கு போட்டால் ஆக்கள் வந்து படுக்கத் துடங்கிவிடுவினம்" என்றார் அவர். பலமுறை அலைந்த பிறகு அரைமனதோடு தலையாட்டினார்.

ஜஸ்ரின் வேப்பம்பலகையில் அகலமான வாங்கொன்று செய்து கொண்டுபோய்ப் போட்டார். ஒரேயொரு கிளினிக் நாள் சீலா அதில் படுத்தாள். கதவைப் பூட்டிவிட்டு, யாருக்கும் பயப்படாமல் மகளைத் துடைத்தாள் ரஞ்சினி. அடுத்தமுறை போனபோது கதவு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே தரை கூட்டும் தும்புத்தடிகளும் பெயின்ற் வாளிகளும் தெரிந்தன. வாங்கு வெளியே வேப்பமர நிழலில் கிடந்தது. காவலாளிகள் அதில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"கேளுங்கோவன்" என்றாள் ரஞ்சினி.

"யாரிட்டைக் கேக்கச் சொல்றாய்?" என்றார் ஜஸ்ரின். அன்றும் தரைதான்.

அதன்பின் ரஞ்சினி வேறொரு வழி கண்டாள். கிளினிக் நாளில் விடியற்காலையிலிருந்தே மகளுக்குச் சோறும் தண்ணீரும் கொடுப்பதில்லை. நாக்கு வறண்டு சீலா வாயைத் திறந்து திறந்து மூடுவாள். ரஞ்சினி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில மாதங்களில் சீலாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீர்க்கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தது.

"பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறேல்லையோ?" என்று டொக்டர் கேட்டார்.

சீலா பிழைத்தாள். ஆனால் வெளியே கொண்டுபோவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். இப்போது ஜஸ்ரின் தனியே போய்ப் பழைய மருந்தையே வாங்கி வருகிறார். ஆளைப் பார்க்காமல் மருந்தின் அளவை மாற்ற முடியாது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். வலிப்பு கூடிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரம் தாய், மறு வாரம் தகப்பன் என்று தேவாலயத்துக்குப் போகிறார்கள்.

போன மாதம் ஆராதனை முடிந்து வரும்போது பழைய சினேகிதி ஒருத்தி ரஞ்சினியின் கையைப் பிடித்தாள்.

"உங்கடை மகள்... இப்பவும் இருக்கிறாவோ?"

"ஓம், இருக்கிறா" என்று சொல்லிவிட்டு ரஞ்சினி பஸ்ஸுக்கு நடந்தாள்.